செம்பாட்டு மண்ணில் ஒரு தவணை

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறு கிடையாது, மலை கிடையாது. குளங்கள் மாரியில் நிரம்பிச் சித்திரைக்குள் வற்றிப்போகும். ஆண்டுக்கு ஏறக்குறைய 50 அங்குல மழை; அதிலும் பெரும்பங்கு ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில் கொட்டித் தீர்ந்துவிடும். மிச்ச மாதங்களுக்குக் கிணறுதான். அப்படிப்பட்ட ஓர் இடத்திலிருந்து 1970களில் கொழும்புக்கும் கண்டிக்கும் லொறி லொறியாக வெங்காயமும் மிளகாயும் போயின. அதை மண்ணின் வளம் என்று சொல்லிவிட்டுப் போவது அந்தத் தோட்டக்காரர்களுக்குச் செய்யும் அநியாயம். அந்த மண்ணை அவர்கள்தான் ஆக்கினார்கள். இது எனக்குத் தெரியவந்தது 1977ஆம் ஆண்டு முதலாம் தவணையில், எங்கள் பள்ளிக்கூடத்து விவசாயக் கழகத்தால்.

அதுவரைக்கும் எங்கள் பக்கத்தில் விவசாயம் பள்ளிக்கூடப் படலைக்கு வெளியே நின்ற விஷயம். "படிக்காட்டி மண்வெட்டிதான்" என்று பயமுறுத்தித்தான் பிள்ளைகளை வளர்த்தார்கள். அப்படிச் சொன்ன தகப்பன்மாரின் உள்ளங்கையிலேயே மண்வெட்டிக் காய்ப்பு இருந்தது. 1972இன் கல்விச் சீர்திருத்தம் தொழில்முன்னிலைப் பாடங்களைக் கொண்டுவந்தபோது பெற்றோர் பலருக்கு அது பிடிக்கவில்லை. பிள்ளையை டொக்டராக்க அனுப்பினால் பாத்தி கட்டப் பழக்குகிறார்களே என்ற மனத்தாங்கல். ஆனால் காலம் வேறு பக்கமாகத் திரும்பியிருந்தது. சிறிமாவோ அரசு வெங்காயம், மிளகாய், உருளைக்கிழங்கு இறக்குமதியை இறுக்கிப் பிடித்திருந்தது. ஒருபக்கம் பாணுக்கு வரிசை, சங்கக்கடையில் அரிசிக்கு வரிசை. மறுபக்கம் வலிகாமத்துத் தோட்டக்காரர் வளவுகளில் ஓலைவீடு கல்வீடாக எழும்பியது. பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்து, நல்ல புள்ளி எடுத்த பிள்ளைகளும் வாசலிலேயே திரும்பி நின்றார்கள். மண்வெட்டியைப் பற்றி மரியாதையாகப் பேசலாம் என்ற நிலை அப்போதுதான் வந்தது.

எங்கள் விவசாய ஆசிரியரை நாங்கள் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். திருநெல்வேலி விவசாயப் பாடசாலையில் படித்தவர். கழகத்தின் தவணைத் திட்டத்தை ஒரு தாளில் தன் குண்டுக் கையெழுத்தில் எழுதி ஆய்வுகூடக் கதவில் ஒட்டியிருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை பேச்சு, அடுத்த வெள்ளிக்கிழமை தோட்டம். திணைக்களத்து உத்தியோகத்தர் ஒருவர் வந்து ஒரு விஷயத்தைச் சொன்னால், அடுத்த கிழமை அதே விஷயத்துக்கு ஒரு தோட்டக்காரரிடம் போகவேண்டும். இரண்டையும் ஒரே கொப்பியில், எதிரெதிர்ப் பக்கங்களில் எழுதவேண்டும். இந்த ஒழுங்கை அவர் எங்கே கற்றாரோ, அதைவிட நல்ல பாடமுறையை நான் பின்னாளில் எங்கேயும் காணவில்லை.

முதல் பேச்சு விவசாயப் போதனாசிரியருடையது. மோட்டார் சைக்கிளில் வந்து, மிளகாயில் எம்.ஐ. 1, எம்.ஐ. 2 என்ற இனங்களைப் பற்றியும் இலை சுருளும் நோயைப் பற்றியும் சொன்னார். நல்ல மனிதர். ஆனால் அன்று நான் எழுதியதில் பாதி மருந்துப் பெயர்கள். அவை ஒன்றும் இப்போது ஞாபகத்தில் இல்லை.

ஞாபகத்தில் நிற்பது தண்ணீரைப் பற்றிய பேச்சு. நீர்ப்பாசனத் திணைக்களத்திலிருந்து வந்தவர் வயது போனவர், மெல்லிய குரல். கரும்பலகையில் முதலில் கடலைக் கீறினார். அதன் மேல் குடாநாட்டின் சுண்ணாம்புக் கல்லைக் கீறினார். மழை அந்தக் கல்லின் வெடிப்புகளுக்குள்ளால் இறங்குகிறது. கீழே கடல்நீர் கல்லுக்குள் ஏற்கெனவே நிற்கிறது. நன்னீர் பாரம் குறைந்ததால் அந்த உப்புநீருக்கு மேலே மிதக்கிறது. "பிள்ளையள், கவனமாக் கேளுங்கோ. கடல் மட்டத்துக்கு மேல ஓர் அடி நல்லதண்ணி நிண்டால், கீழ நாப்பது அடிக்கு அது உப்பைத் தள்ளி வைச்சிருக்கும்." மேல் கோட்டை ஓர் அங்குலம் அழித்தார். பிறகு கீழ்க்கோட்டை மேலே மேலே கொண்டுவந்தார். ஒருவரும் பேசவில்லை. எங்கள் எல்லார் வீட்டுக் கிணறும் அந்தப் படத்துக்குள் இருந்தது.

பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் 1950களில் முன்வைத்த திட்டத்தையும் அன்றைக்கு அவர் கீறிக் காட்டினார். இரணைமடுவிலிருந்து கனகராயன் ஆறு வந்து விழும் ஆனையிறவுக் கடல்நீரேரியை நன்னீர் ஏரியாக்குவது. முள்ளியானில் வாய்க்கால் வெட்டி அதை வடமராட்சி ஏரியோடு தொடுப்பது. தொண்டைமானாற்றில் தடுப்பணையால் உப்பை நிறுத்துவது. யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு என்று அதைச் சொல்வார்கள். ஆறே இல்லாத ஊரின் பிள்ளைகளுக்கு அந்தக் கோடு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். வீட்டுக்குப் போய் அம்மாவுக்கு அடுப்புக்கரியால் நிலத்தில் கீறிக் காட்டினேன். அந்தத் திட்டத்தில் சில துண்டுகள் கட்டப்பட்டன, சில அரைகுறையாய் நின்றன. அது இன்னும் முழுமையடையவில்லை.

அடுத்த கிழமை புத்தூர்ப் பக்கம், நவக்கிரி நிலாவரைக் கிணறு. அதில் போட்ட எலுமிச்சம்பழம் கீரிமலைக் கேணியில் மிதக்கும் என்ற கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். மாஸ்டர் அந்தக் கதையைச் சிரித்துத் தள்ளவில்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள் குகைகளும் வழிகளும் இருப்பதை எங்கள் ஆட்கள் கண்டறிந்து சொன்ன விதம் அது என்றார். மேலே நன்னீர், ஆழத்தில் உப்பு என்று போன கிழமை பலகையில் கண்டது அங்கே எங்கள் காலடியில் கருநீலமாய்க் கிடந்தது.

அங்கேயிருந்து சைக்கிள்களில் மயிலிட்டிப் பக்கத்துத் தோட்டமொன்றுக்குப் போனோம். செம்பாட்டு மண் என்றால் என்ன நிறம் என்று அங்கே கண்டவர்களுக்குத்தான் சொல்லலாம். மழைக்குப் பிறகு அந்தத் தறைகள் பழுத்த செத்தல் மிளகாயின் நிறத்தில் இருக்கும். தோட்டக்காரப் பெரியவருக்கு எழுபது வயது இருக்கும். நாங்கள் அவரை அப்பு என்றோம். கிணற்றடியில் மண்ணெண்ணெய் மிசின் நின்றது. ஆனால் பழைய துலாவையும் அவர் கழற்றவில்லை. துலாவில் ஏறி முன்னும் பின்னும் நடப்பவர், கிணற்றுக் கட்டில் நின்று பட்டை பிடித்துச் சரிப்பவர், வாய்க்கால் வழியே நின்று பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறுபவர் என்று ஓர் இறைப்புக்கு எத்தனை உடம்பு வேண்டும் என்று காட்டினார். எங்களில் உயர்ந்த பெடியன் ஒருவனைத் துலாவில் ஏற்றினார். அவன் நடு வழியில் உட்கார்ந்துவிட்டான்.

"காலமை இருட்டோட துடங்குவம் தம்பிமார். வெயில் ஏறக் கை ஓயும். கை ஓயக் கிணறும் ஓயும். விடியக்குள்ள ஊறி நிக்கும்." மிசினைக் கையால் தட்டினார். "இதுக்குக் கை ஓயாது. அதுதான் எனக்குப் பயம்."

திணைக்களத்து மனிதர் வெண்கட்டியால் சொன்னதைத்தான் அப்புவும் சொன்னார். மாஸ்டர் எங்கள் கொப்பியை எதிரெதிர்ப் பக்கங்களில் ஏன் எழுதச் சொன்னார் என்று அன்றைக்கு விளங்கியது. 1980கள் தொடக்கம் செய்யப்பட்ட ஆய்வுகள், வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று உலகச் சுகாதார நிறுவனத்தின் எல்லையைத் தாண்டி நிற்பதைக் காட்டின. அளவு மீறிய யூரியாவும் மலக்குழிக் கழிவும் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளால் இறங்கி, குடிக்கிற தண்ணீரில் கலக்கின்றன. அந்த அறிக்கைகளைப் படிக்கும்போதெல்லாம் மிசினைத் தட்டிய அந்தக் கைதான் எனக்கு முன்னால் வருகிறது.

அந்தத் தோட்டத்தில்தான் குழை தாழ்ப்பதையும் முதன்முதலில் ஒழுங்காகக் கண்டேன். பூவரசும் கிளுவையும் எங்கள் எல்லார் வேலியிலும் நின்றன. வேலி என்றால் மறைப்புக்கு என்று நினைத்திருந்தோம். அப்புவுக்கு வேலிதான் பசளைக் களஞ்சியம். கதியால்களில் குழை வெட்டி, தறையில் சால் வெட்டி அதற்குள் அடுக்கி, மண்ணால் மூடி, அது உக்கும்வரை காத்திருப்பார். வேலிக் குழை போதாத ஆண்டு வன்னியிலிருந்து காட்டுக்குழை லொறியில் வரும். பழைய பனையோலையும் மண்ணுக்குள் போகும். அறுவடை முடிந்த தறையில் ஆட்டுப்பட்டி அடைப்பார்கள். பட்டியை இரவுக்கிரவு நகர்த்தி வைத்தால் காணி முழுக்க எருவும் சலமும் இறங்கிவிடும். தோட்டத்து எல்லையில் இடுப்பளவுக்குக் கல் குவிந்திருந்தது. அதெல்லாம் அவருடைய தகப்பனும் பாட்டனும் அந்தத் தறையிலிருந்து பொறுக்கியெடுத்தவை. கல்லை எடுத்த குழிக்கு வேறிடத்து மண்ணை வண்டியில் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். ஒரு பிடி மண்ணை அள்ளி எங்கள் ஒவ்வொருவருடைய மூக்குக்கும் நேரே நீட்டினார். "மணக்குதோ? இது நாலு தலைமுறை மணம்."

1990இல் போரால் பலாலி, மயிலிட்டி, வசாவிளான் பக்கத்துச் சனம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வெளிக்கிட்டது. அந்தச் செம்பாட்டு நிலம் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. 2009க்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விடுவித்தார்கள். எல்லாம் இன்னும் வந்து சேரவில்லை. விடுவிக்கப்பட்ட ஒரு துண்டைப் பார்க்கப் போனபோது, பற்றைக்குள் எல்லைக்கல்லைத் தேடவே நேரம் போயிற்று. கால் நூற்றாண்டு குழையும் எருவும் காணாத மண். அதை மறுபடி தோட்டமாக்க இயந்திரத்தால் பற்றை வெட்டினால் போதும் என்று நினைக்கிறவர்களிடம் எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான்: அந்த மண் நாலு தலைமுறை வேலை. வேலை தெரிந்தவர்களோ அகதி முகாம்களிலும் வாடகை வீடுகளிலும் வயது போய் இறந்துவிட்டார்கள்.

தவணையின் நடுவில் மாஸ்டர் ஒரு காரியம் செய்தார். குப்பிழானிலிருந்து வெங்காய நடுகைக்குப் போகும் ஓர் ஆச்சியைப் பேச்சாளராகக் கூட்டிவந்தார். அதிபரின் கதிரையில் இருக்கச் சொன்னதற்கு ஆச்சி மறுத்துவிட்டார். நிலத்தில் சாக்கை விரித்து, மடியிலிருந்து வேதாளன் வெங்காயத்தைக் கொட்டி, எங்களையும் கீழே இருத்தினார். பெரியதை விதைக்கு வைக்காதே, சிறியதையும் வைக்காதே, நடுத்தரத்தைப் பொறுக்கு. அறுவடை செய்தவுடன் நடாதே, தாளோடு பிடி கட்டிக் கொட்டிலில் தொங்கவிடு, அது நித்திரை கொள்ளட்டும். முளைக்கிற நேரம் அதற்கே தெரியும். காய்ந்த கழுத்தை நுள்ளிவிட்டு நடு. நடும்போது பெருவிரலால் எவ்வளவு அழுத்தவேண்டும் என்று ஒவ்வொருவர் கையையும் பிடித்துக் காட்டினார். "வெங்காயத்தைத் தாக்கப்படாது பிள்ளை, இருத்தவேணும்." பெண் பிள்ளைகள் அன்று கேட்ட கேள்விகளுக்கு அளவில்லை. சம்பளம் என்ன, குனிந்து நின்றால் நாரி நோவுக்கு என்ன செய்வீர்கள் என்றெல்லாம் கேட்டார்கள். ஆச்சி ஒன்றையும் மறைக்கவில்லை. ஆம்பிளைக்கு ஒரு சம்பளம், பொம்பிளைக்கு ஒரு சம்பளம் என்பதையும் சபையில் சொன்னார். தோட்டத்துச் செழிப்பைப் பற்றி இன்று எழுதுகிறவர்கள் பலர் மறந்துவிடும் பக்கம் அது. நானும் ஆச்சியிடம் கேட்டிராவிட்டால் எழுதியிருக்கமாட்டேன்.

உருளைக்கிழங்குத் தோட்டத்துக்கும் போனோம். மார்கழி, தைக் குளிரில் மட்டும் அங்கே விளையும் பயிர். விதைக்கிழங்கு வெளியிலிருந்து வந்தாகவேண்டும். உரும்பிராயில் ஒரு திராட்சைப் பந்தலையும் கண்டோம். இஸ்ரேல் புளூ என்ற கறுத்த இனம். கொடியை ஒட்ட வெட்டினால்தான் பூக்கும் என்று கேட்டு வியந்தோம். இணுவிலில் புகையிலைக் குடிலுக்குள் பொச்சுமட்டைப் புகையில் கண் எரிந்து வெளியே ஓடிவந்தோம். அந்தக் காலத்தில் மில்க்வைற் சவர்க்கார அதிபர் க. கனகராசா பனம்விதை நாட்டும் வேலையை ஊக்கப்படுத்திக்கொண்டிருந்தார். அந்த உற்சாகம் எங்களுக்கும் தொற்றி, பள்ளிக்கூடத்துப் பின்வேலி ஓரமாக ஒரு நிரை நாட்டினோம்.

தவணை முடிவில் வன்னிப் பயணம். ஆனையிறவு தாண்டி, பரந்தன், கிளிநொச்சி, பிறகு இரணைமடு. 1902இல் வேலை தொடங்கி 1920களில் பாசனத்துக்கு வந்த குளம். அணைக்கட்டில் ஏறி நின்றபோது எங்களுக்குப் பேச்சு வரவில்லை. பட்டையால் அளந்து அளந்து தண்ணீரைக் கண்ட பிள்ளைகள், கண்ணுக்கு எட்டிய மட்டும் தண்ணீர் சும்மா கிடப்பதைக் கண்டோம். அங்கேயிருந்து விசுவமடு. 1960களின் பின்பாதியில் தொடங்கிய படித்த வாலிபர் குடியேற்றத் திட்டம் அங்கேயும் முத்தையன்கட்டிலும் இருந்தது. உயர்தரம் படித்து, இடம் கிடைக்காமல் காடு வெட்டிக் குடியேறிய அண்ணைமார். கொட்டில் வாசலில் ரேடியோ பாடியது, உள்ளே கயிற்றுக் கொடியில் வெள்ளைச் சேட்டு. முற்றம் முழுக்கப் பாயில் மிளகாய் காய்ந்தது. இரவில் யானைக்குக் காவல் இருக்கும் மரப்பரணில் எங்களை ஏற்றிக் காட்டினார்கள்.

அவர்களில் ஒருவர் எங்கள் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர். கணிதத்தில் கெட்டிக்காரர் என்று மாஸ்டர் சொன்னார். ஒரு போக மிளகாய்க்குத் தான் செய்த கணக்கைக் கொப்பியில் காட்டினார். கண்டு, பசளை, மண்ணெண்ணெய், கூலி, சாக்கு, லொறி, கழிவு என்று நிரல் நிரலாக, கடைசியில் மிச்சம். அந்த மிச்சத்தில் தங்கைக்குக் கலியாணம் முடித்திருந்தார். "என்ர புள்ளிக்கு என்னத்தைத் தந்தாங்கள்? இந்த மண் தந்தது" என்றார். கோபமும் பெருமையும் கலந்த அந்தக் குரல் அப்படியே என் காதில் இருக்கிறது. 2009 தொடக்கத்தில் போர் விசுவமடுவின் வழியாகப் போனது. அவர் அதுவரை அங்கே இருந்தாரா, முன்பே வெளிநாடு போனாரா என்று எத்தனையோ பேரிடம் விசாரித்துவிட்டேன்.

இரண்டாம் தவணை விடுமுறையில், ஓகஸ்டில், பேராதனைக்கும் பக்கத்துக் கண்ணொறுவ ஆராய்ச்சி நிலையத்துக்கும் போவதாக ஏற்பாடு. மாஸ்டர் எங்களைச் சும்மா போகவிடவில்லை. தவணையில் போன தோட்டங்களுக்கெல்லாம் மறுபடி போய், ஆராய்ச்சிக்காரரிடம் கேட்கவேண்டியதை ஆளுக்கொரு கேள்வியாக வாங்கிவரச் சொன்னார். வாங்கி வந்தோம். ஒரே நிரையில் பத்துக் கண்டு நன்றாய் நிற்க ஒரு கண்டுக்கு மட்டும் இலை சுருளுவது ஏன்? நீர்வேலியில் இதரை வாழை மூன்றாம் குட்டிக்குப் பிறகு குலை சிறுப்பது ஏன்? மாரி வெங்காயம் அழுகாமல் விதைக்கு வைக்க வழி உண்டா? கோண்டாவிலில் ஒருவர் கேட்டது: பக்கத்துக் கிணறு சவரானால் என் கிணற்றுக்கு எத்தனை வருடம்?

யூலையில் தேர்தல் முடிந்தது. ஓகஸ்ட் நடுப்பகுதியில் யாழ்ப்பாணச் சந்தை எரிந்தது; தெற்கிலே தமிழர்கள் அடிக்கப்பட்டார்கள்; அனுராதபுரத்தில் ரயிலில் வந்த பயணிகள் தாக்கப்பட்டார்கள். யாழ்தேவியில் பதிந்திருந்த எங்கள் பயணம் நின்றுபோனது. மாஸ்டர் காசைத் திருப்பிக் கொடுத்தார். கேள்விகளைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

மூன்றாம் தவணை தொடங்கியதும் தோட்டக்காரர் எல்லாரையும் பள்ளிக்கூடத்துக்கு அழைத்தார். ஒரு பின்னேரம், சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சைக்கிள்களைப் படலையில் சாத்திவிட்டு வந்தார்கள். குப்பிழான் ஆச்சியும் வந்தார், மயிலிட்டி அப்புவும் வந்தார். எங்கள் வாங்குகளில் இருந்தார்கள், நாங்கள் சுவரோரம் நின்றோம். மாஸ்டர் கேள்விகளை ஒவ்வொன்றாக வாசித்தார். பதில் சொல்ல ஆராய்ச்சிக்காரர் யாரும் இல்லை. நீர்வேலிக் கேள்விக்கு அச்சுவேலிக்காரர் எழும்பிப் பதில் சொன்னார். வெங்காயத்துக்கு ஆச்சி சொன்னார். கிணற்றுக் கேள்வி வந்தபோது அப்பு எழும்பினார், கோண்டாவில்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்; இரண்டு பேரும் எந்த நேரத்தில் மிசினை நிற்பாட்டலாம் என்று பேசத் தொடங்கினார்கள்.

பிறகு புகையிலை வெட்டின தறையைப் பற்றிய பேச்சு வந்தது. அதில் குரக்கன் போட்டு மண்ணை ஆறவிடவேண்டும் என்றார் அப்பு. இந்தக் காலத்தில் குரக்கன் யார் தின்பது, வெங்காயம் வைத்தால் கைநிறையக் காசு என்றார் இணுவில் இளந்தாரி ஒருவர். இரண்டு மாதத்தில் வரவிருந்த வரவுசெலவுத் திட்டம் இறக்குமதிக் கதவைத் திறந்து வெங்காய விலையை விழுத்தப்போவது அன்றைக்கு அந்த மண்டபத்தில் ஒருவருக்கும் தெரியாது. வாதம் ஏறியது. ஆளுக்கொரு பக்கம் சேர்ந்தார்கள். நாங்கள் வாயைத் திறந்துகொண்டு நின்றதைக் கண்டு மாஸ்டர் எங்கள் பக்கம் திரும்பினார்.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்? எழுதுங்கோ. ரெண்டு பேர் சொல்லுறதையும் எழுதுங்கோ."